கேள்விக்குறி போட்ட வட்டம்

அஞ்சலாவின் இடது கால் ஓயாது. கதிரையில் உட்கார்ந்தால் போதும், குதிகால் தையல் மெஷின் மிதிப்பதுபோல ஆடத் தொடங்கிவிடும். பூசைக்குப் போனாலும் ஆடும், செத்தவீட்டுக்குப் போனாலும் ஆடும். "கால ஆட்டாதகா, வாங்கு முழுக்க ஆடுது" என்று மச்சாள் எமிலி மாதா கோயிலில் ஒரே வாங்குப் பலகையில் இருந்துகொண்டு எத்தனை தரம் அவள் தொடையில் கிள்ளியிருப்பாள். கிள்ளிய இடம் கன்றும். கால் நிற்காது.

அவள் பிறந்தது வாகரையில். தகப்பன் இராயப்பு கடல் தொழில் செய்தவர். தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் சண்டை மூண்டு ஊரே கிளம்பியபோது, வள்ளத்தை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அவர் அங்கேயே நின்றுவிட்டார். இருபத்தைந்து வயது அஞ்சலா ஒரு துணிப்பையோடு வெளிக்கிட்டவள், அதற்குப் பிறகு ஆறு வருஷத்தில் எட்டு இடம் மாறினாள். பள்ளிக்கூட மண்டபம், கோயில் விறாந்தை, தெரிந்தவர் வீடு, தெரியாதவர் வீடு. கடைசியாக அமிர்தகழியில், மாமாங்கேசுவரர் கோயிலுக்குப் பின்தெருவில், அண்ணன் மனைவி எமிலியோடு வந்து சேர்ந்தாள். அண்ணன் கட்டாரில் இருந்தான்.

வேலையும் அப்படித்தான். நொத்தாரிசு ஒருவரிடம் தட்டச்சு, பிறகு கூட்டுறவுக் கடை, பிறகு ஒரு படப்பிடிப்பு ஸ்ரூடியோவில் படங்களுக்குப் புள்ளி திருத்துகிற வேலை. ஓர் இடத்தில் ஒரு வருஷம் நிறைவதற்குள் அவளுக்கு மூச்சு முட்டும். மட்டக்களப்பு நகரத்தில் நல்லரத்தினம் சேர் நடத்திய ரியூட்டறி என்ற தனியார் வகுப்பில் மட்டும் மூன்று வருஷம் இருந்தாள். அதற்குக் காரணம் ஸ்ரென்சில் வெட்டுகிற வேலை.

சேர் உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பித்தார். தமிழில் புத்தகம் கிடையாது. கொழும்பிலிருந்து வரவேண்டியது வராது, வந்தது காணாது. ஆகவே அவரே குறிப்பு எழுதுவார். அஞ்சலா அதை மெழுகுத்தாள் ஸ்ரென்சிலில் தட்டி, படங்களை ஊசிப்பேனையால் கீறி, ரோணியோ மெஷினில் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி அறுபத்திரண்டு பிரதி எடுப்பாள். தட்டுவது யாருக்கும் வரும். கீறுவதுதான் சங்கடம். மெல்ல அழுத்தினால் மை இறங்காது, கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் மெழுகு கிழிந்து தாள் முழுக்கக் கறுப்பாகிவிடும். தவளையின் நரம்புத் தொகுதியை, கரப்பானின் வாயுறுப்புகளை அவள் ஜன்னலடி மேசையில் உட்கார்ந்து, கண்ணாடியில் தாளை ஒட்டிவைத்துக் கீறுவாள். அந்த நேரத்தில் மட்டும் கால் அசையாது. அவளுக்கே அது புதினம்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசி மாதம் சேர் ஒரு புதுப் பாடம் கொண்டுவந்தார். நியூசிலாந்தில் மண் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்த அவருடைய பழைய வகுப்புத்தோழர் ஜெயராஜா என்பவர் தபாலில் அனுப்பிய கட்டுரை அது. தென்துருவத்தில் பனிகூட இல்லாத ஒரு வறண்ட பள்ளத்தாக்கு. மழை கிடையாது. புல் இல்லை, பூச்சி இல்லை, பறவை இல்லை. உப்பும் மணலும் மட்டும். அந்த மணலுக்குள் கண்ணுக்குத் தெரியாத நூற்புழு மூன்று வகை, நீர்க்கரடி என்ற எட்டுக்கால் பிராணி, வாயில் சில்லுப்போல மயிர் சுழலும் ஒரு பிராணி, இவற்றுக்கு இரையாகப் பாசி, பக்டீரியா, ஈஸ்ட் என்கிற மதுவம். அவ்வளவுதான் மொத்தக் குடித்தனமும்.

"உலகத்திலயே லேசான உணவு வலை இதுதான் புள்ள" என்றார் சேர். "நம்மட வாவிய எடுத்தா நூறு வட்டம் போடணும். இது எட்டு, ஒன்பது வட்டத்தோட முடிஞ்சிரும். இத விளங்கினா வாவியும் விளங்கும்."

அஞ்சலாவுக்கு விலங்கியலில் ஆர்வமில்லை. கீறுவாள், கழுவுவாள், மறந்துவிடுவாள். இந்தப் பாடத்தில் மட்டும் ஓர் இடத்தில் அவளுடைய விரல் நின்றது. தண்ணீர் வற்றினால் அந்தப் புழு தன் உடம்பிலுள்ள ஈரத்தையும் விட்டுவிட்டு, வளையமாகச் சுருண்டு, சாகாமலும் சீவிக்காமலும் வருஷக்கணக்கில் கிடக்குமாம். எங்கேயோ கொஞ்சம் பனி உருகித் தண்ணீர் வந்தால் நிமிர்ந்து திரும்ப ஊரத் தொடங்குமாம்.

"வருசக்கணக்கிலயா சேர்? ஒரே இடத்திலயா?"

"ஓம்."

"எனக்கெண்டா விசர் புடிச்சிரும்."

சேர் சிரித்தார். பிறகு கைப்பிரதியின் கடைசி வட்டத்தைக் காட்டினார். அதற்குள் பெயரில்லை, ஒரு கேள்விக்குறி மட்டும். அந்த மண்ணில் அதிகமாக இருப்பது ஸ்கொட்னீமா என்ற புழு. அதைத் தின்பது எது என்று ஆராய்ச்சிக்காரருக்கே திட்டமாகத் தெரியாது. மற்றப் புழு ஒன்று தின்னலாம், ஒன்றும் தின்னாமலும் விடலாம். ஆகவே புள்ளிக்கோடு போட்ட ஓர் அம்பும் ஒரு கேள்விக்குறியும். படத்துக்குக் கீழே, பிள்ளைகளுக்கு மனதில் பதியட்டும் என்று, சேர் தன் கையால் ஒரு வரி எழுதியிருந்தார்: 'இந்தப் பாலைவனத்தின் புலி யார்?'

தட்டச்சுக் கட்டையில் கை வைத்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "சேர், இந்தச் சொல்லு வேணுமா?"

"விலங்கியல்ல புலிய எழுதாம மறுகா எங்க எழுதுற?"

அவள் தட்டினாள்.

அன்று காலையில் வாகரைப் பக்கமாகப் பீரங்கிச் செல் விழுந்ததாக பஸ்ஸில் வந்தவர்கள் கதைத்தார்கள். தகப்பனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மத்தியானத்துக்குள் வீட்டுக்குப் போய், யாரையாவது பிடித்து விசாரிக்கவேண்டும் என்ற அந்தரத்தில் அவள் அம்புகளைக் கீறினாள். ஒவ்வோர் அம்புத் தலைக்கும் மூன்று வெட்டு. ஸ்ரென்சில் வெட்டத் தொடங்கிய நாள்முதல் முதல் தடவையாக அன்றுதான் மேசைக்குக் கீழே அவளுடைய கால் ஆடியது. ரோணியோ சுற்றி முடித்து, பிரதிகளை வகுப்பில் கொடுத்துவிட்டு, ஓடினாள். தகப்பனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

அதற்கடுத்த கிழமை சேர் மனைவியின் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்குப் போனார். அவர் போன நாலாம் நாள் நகரத்தில் குண்டொன்று வெடித்தது. சுற்றிவளைப்பு நடந்தது. ரியூட்டறியின் அலுமாரியைத் திறந்த ஆமிக்காரருக்கு ஒரு ரோணியோ மெஷினும், மீதிப் பிரதிகள் பன்னிரண்டும் கிடைத்தன. ஒவ்வொரு தாளிலும் வட்டங்கள், அம்புகள், சுருக்கெழுத்துகள், பக்கத்தில் எண்ணிக்கைகள்: ஸ் 700, பி 12, யூ 4. கீழே புலி யார் என்ற கேள்வி. அவற்றோடு, அந்த நேரம் ரியூட்டறியில் இருந்த ஒரே ஆளான அஞ்சலாவையும் முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.

விசாரித்தது ஒரு கப்டன். மெலிந்த மனிதர், கண்ணாடி போட்டவர். அவருக்குத் தமிழ் கொஞ்சம், அவளுக்குச் சிங்களம் அதைவிடக் குறைவு. இருவரும் அரைகுறை ஆங்கிலத்தில் பேசினார்கள்.

"எழுநூறு பேர் கொண்ட குழு எது?"

"பேர் இல்லை சேர். புழு. ஒரு கிலோ மண்ணில் எழுநூறு."

"எங்கே இருக்கிற மண்?"

"தென்துருவத்தில்."

கப்டன் கண்ணாடியைக் கழற்றி அவளை நன்றாகப் பார்த்தார். மட்டக்களப்பில் ஓர் ஓட்டு வீட்டின் பின்னறையில் அகப்பட்ட தாளுக்குத் தென்துருவம் என்று ஒருத்தி பதில் சொன்னால் யார்தான் அப்படிப் பார்க்கமாட்டார்கள்? அவள் தனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினாள். மூன்று வருஷமாக எழுத்தெழுத்தாக வெட்டியதெல்லாம் மறந்துபோயிருந்தது. இந்தப் பாடம் மட்டும் வரி பிசகாமல் வந்தது. அம்பின் வால் இரையில் இருக்கும், தலை தின்பவனில் இருக்கும் என்றாள். பக்டீரியாவை இது தின்னும், மதுவத்தை இது தின்னும். கால் ஆடிக்கொண்டேயிருந்தது. "காலை நிறுத்து" என்றார். நிறுத்தக் கையால் அழுத்திப் பிடிக்கவேண்டியிருந்தது.

அவருடைய பேனை கேள்விக்குறி வட்டத்தில் வந்து நின்றது.

"இது யார்?"

"தெரியாது சேர்."

"உனக்குத் தெரியாதா, சொல்லமாட்டாயா?"

"ஒருத்தருக்கும் தெரியாது சேர். அதைக் கண்டுபிடித்தவர்களுக்கே தெரியாது. அதனால்தான் கேள்விக்குறி."

அந்தக் கட்டடத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு என்று அவளுக்கு இரண்டு நாளில் விளங்கியிருந்தது. பக்கத்து அறைகளிலிருந்து அவளுக்குக் கேட்டதெல்லாம் தெரியாது, தெரியாது என்ற அந்த ஒரு சொல்தான். கப்டன் அவளை அடிக்கவில்லை. வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு மையால் இன்னொரு வட்டம் போட்டார். பிறகு வேறோர் அம்பைத் தொட்டார். யூ என்ற புழுவிலிருந்து பாசிக்குப் போன அம்பு.

"அப்படியானால் இங்கே, பாசி புழுவைத் தின்கிறதா?"

அவளுக்குத் திக்கென்றது. வாலும் தலையும் மாறிக் கிடப்பதுபோல இருந்தது. சேரின் கைப்பிரதியிலும் அப்படித்தானா, அல்லது அந்த மத்தியானத்தில் தன் கைதான் மாற்றி வெட்டியதா? நினைவில்லை. பிழை என்று சொன்னால் வேறெது பிழை என்று கேட்பார். தெரியாது என்று இன்னொரு தரம் சொல்ல நாக்கு வரவில்லை.

"ஓம் சேர். அந்த இடத்தில் பாசியும் புழுத் தின்னும்."

அவர் அதை எழுதிக்கொண்டார். அவள் ஒப்பமிட்டாள். ரோணியோவை யார் திருத்துவது என்று கேட்டபோது, அது பழுதாகவே இல்லை என்றாள். அது பொய். ஏறாவூரிலிருந்து றவூப் என்ற மெக்கானிக் மாதத்துக்கு ஒருமுறை வந்து திருத்துவார், மையும் அவர்தான் கொண்டுவருவார். அவருடைய மகள் றஸீனா அதே வகுப்பில் படித்தாள்.

ஒன்பதாம் நாள் கப்டன் எங்கிருந்தோ ஒரு சிங்களப் பாடப்புத்தகம் எடுப்பித்திருந்தார். அதில் புல், முயல், பாம்பு, பருந்து என்று வட்டம் போட்டு அம்பு கீறிய ஒரு படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"போகலாம்" என்றார். "திங்கட்கிழமைதோறும் வந்து கையெழுத்துப் போடவேண்டும். இந்தப் புத்தகத்தில் எல்லா வட்டத்துக்கும் பெயர் இருக்கிறது. உன்னுடையதில் ஒன்றுக்கு இல்லை. பெயர் கிடைத்தால் கொண்டுவா."

பகிடியா, உண்மையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது எமிலி கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு வீட்டிலிருந்த கடதாசியெல்லாம், கல்யாண அழைப்புக் காட்டுகள் வரை, கிணற்றடியில் போட்டு எரித்துவிட்டதாகச் சொன்னாள். நல்லரத்தினம் சேர் கொழும்பிலிருந்து திரும்பவில்லை. சேதி அவருக்குப் போயிருந்தது. மனைவிக்கு இன்னும் சுகமில்லை என்று யாரிடமோ சொல்லி அனுப்பினார். அவரைக் குறைசொல்ல அஞ்சலாவுக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் வந்து அந்தக் கைப்பிரதியை ஒரு தரம் காட்டியிருந்தால் போதும் என்றிருந்தது.

திங்கட்கிழமைகள் தொடங்கின. முகாம் வாசலில் ஒரு மணித்தியாலம், சில நாள் மூன்று மணித்தியாலம் நிற்பாள். கப்டன் கொப்பியை நீட்டுவார். அவள் ஒப்பம் வைத்ததும், தலை நிமிராமலே கேட்பார்: "பெயர் கிடைத்ததா?"

"இல்லை சேர்."

"தேடுகிறாயா?"

"தேடுகிறேன் சேர்."

செவ்வாய் ஒன்றுதான் அவளுக்கு நிம்மதியான நாள். புதன் பிறந்தால் அடுத்த திங்கள் மண்டைக்குள் வந்துவிடும். ஒரு நாள் பெயர் இல்லையென்றதற்கு அவர் சிரித்தார். இன்னொரு நாள் பேனையை மேசையில் போட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எது கெட்ட சகுனம் என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. வீட்டில் சோற்றை அடுப்பில் வைத்துவிட்டுப் படலைக்குப் போவாள், திரும்பி வருவாள், திரும்பப் போவாள். சோறு அடிப்பிடிக்கும்.

"ஏதோ ஒரு பேரச் சொல்லித் தொலையன்கா" என்றாள் எமிலி. "புழுவுக்குத்தானே. அவன் போயாப் பாக்கப் போறான்?"

"சொன்னா அதுக்கு மேல ஆரு எண்டு கேப்பான் மச்சாள்."

எமிலிக்கு அது விளங்கியது. கரி பிடித்த சட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

சித்திரை பிறந்து ஒரு நாள், அஞ்சலா அரச அலுவலகமான கச்சேரிக்கு முன்னால் மனு எழுதிக்கொடுக்கிற ஒருவரிடம் தட்டச்சு மெஷினை அரைமணி நேரம் இரவல் வாங்கினாள். சேருக்காக மூன்று தரம் உறையில் தட்டிய முகவரி விரலிலேயே இருந்தது. நியூசிலாந்திலுள்ள ஜெயராஜாவுக்கு ஆங்கிலத்தில் எழுதினாள். தான் யார், அந்தப் பாடத்தை வெட்டியவள் என்பது. ஸ்கொட்னீமாவைத் தின்பது எது என்று இப்போதாவது கண்டுபிடித்துவிட்டார்களா? பாசி புழுவைத் தின்னுமா? வட்டங்களையும் அம்புகளையும் நினைவிலிருந்து கீறி இணைத்தாள். கேட்பதற்கான காரணத்தை எழுதவில்லை. கடிதத்தைத் திறக்கிறவர்களும் வாசிப்பார்களே.

பதில் ஆடி மாதம் முதற்கிழமை வந்தது. உறை ஒருமுறை திறந்து ஒட்டப்பட்டிருந்தது. ஆய்வுகூடத்தின் தலைப்புப் போட்ட இரண்டு தாளில், ஆங்கிலத்தில், இரண்டு பக்கம். ஊர்க்காரர் ஒருவர் தமிழில் எழுதாததன் காரணம் அவளுக்குச் சொல்லாமலே விளங்கியது.

முதற் பக்கத்தில் ஜெயராஜா எழுதியிருந்தார்: உங்கள் கேள்வியை இங்கே எல்லோரிடமும் காட்டினேன். ஸ்கொட்னீமாவை எது தின்கிறது, அல்லது எதுவும் தின்கிறதா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. போன கோடையில் நானே அந்தப் பள்ளத்தாக்கில் ஆறு கிழமை முழங்காலில் நின்று மண் அள்ளினேன். ஒரு கரண்டி மண்ணைக் கழுவி வடித்து நுணுக்குக்காட்டியில் வைத்துப் புழுப் புழுவாக எண்ணுகிறோம். ஒன்றை ஒன்று தின்னும்போது ஒருவரும் கண்டதில்லை.

இரண்டாம் பக்கத்தில் நாலு வரிதான். படம் அழகாக இருக்கிறது. ஓர் அம்பு மாத்திரம் தலைகீழ். பாசி புழுவைத் தின்னாது, அந்தப் புழுதான் பாசியைத் தின்னும். பிள்ளைகளிடம் இருக்கும் தாளில் திருத்திவிடுங்கள்.

அஞ்சலா கட்டிலில் உட்கார்ந்தாள், எழும்பினாள், திரும்ப உட்கார்ந்தாள். முதற்பக்கம் அவளைக் காப்பாற்றும். தலைப்புப் போட்ட தாளில், ஒப்பத்தோடு, ஒருவருக்கும் தெரியாது என்று ஒரு சாட்சி. இரண்டாம் பக்கம் அவள் ஒப்பமிட்ட வாக்குமூலத்தில் ஒரு பொய் இருக்கிறது என்கிறது. ஒரு பொய் இருந்தால் மற்றதையும் யார் நம்புவார்கள்?

"ரெண்டாம் தாளக் கிழிச்செறி" என்றாள் எமிலி.

"முதலாம் பக்கம் பாதி வசனத்தில நிக்குது மச்சாள். மிச்சம் எங்க எண்டு கேப்பான்."

மூன்று நாள் அவள் அந்த இரண்டு தாளோடும் வீட்டுக்குள் நடந்தாள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் முடிவெடுத்தாள்: இரண்டையும் கொடுப்பது. பயத்தில் சொன்னேன் சேர், அது பிழை என்று சொல்வது. ஆங்கிலத்தில் அந்த வசனத்தை அடுக்கி, மாற்றி அடுக்கி, பாடமாக்கினாள்.

திங்கட்கிழமை மேசையில் வேறொருவர் இருந்தார். இளந்தாரி, அரைகுறைத் தமிழ் பேசுகிற கோப்ரல். கொப்பியும் புதிது.

"கப்டன் சேர்?"

"வடக்குக்கு மாற்றம். போன புதன்."

"ஒரு கடிதம் கொண்டுவந்தேன். அவர் கேட்ட பதில்."

கோப்ரல் கடிதத்தை வாங்கி, தலைப்பிலிருந்த பறவைச் சின்னத்தைப் பார்த்தான், மடித்துத் திருப்பிக் கொடுத்தான். "எனக்கு இங்கிலிஷ் தெரியாது. கையெழுத்துப் போட்டிட்டுப் போ." தன்னுடைய விசாரணைக் கோவை எங்கே என்று கேட்டாள். பழைய கோவைகள் எங்கே போயின என்று அவனுக்குத் தெரியாது.

வெளியே வந்து வாவிக்கரை வீதியில் நின்றாள். சந்தோஷப்படவேண்டும் என்று தெரிந்தது. வந்தது கோபம். ஐந்து மாதம் ஒவ்வொரு திங்களும் அவளை வாசலில் காக்கவைத்த மனிதன், உலகத்தில் அவளுக்குத் தெரிந்தவர்களில் அந்தப் பதிலைக் கேட்ட ஒரே ஆள், பதில் வந்தபோது இல்லாமல் போய்விட்டான். வாக்குமூலத்திலிருந்த பொய்யை இனி யாரிடம் போய்த் திருத்துவது? கால் நிலத்தில் நிற்காமல் அந்தரப்பட்டது.

திருத்தக்கூடியது ஒன்றுதான் மிச்சம். அறுபத்திரண்டில் பன்னிரண்டு முகாமோடு போயிற்று. ஐம்பது பிரதி பிள்ளைகளிடம் இருந்தது. பரீட்சைக்கு இன்னும் மூன்று கிழமை.

அடுத்த நாள் காலை எமிலியின் சைக்கிளை எடுத்தாள். கூடையில் ஒரு சிவப்புப் பேனை.

"உனக்குப் பேய் புடிச்சிட்டா?" என்று எமிலி படலைக்கு ஓடிவந்தாள். "அந்தத் தாளாலதான் உள்ளுக்க போனாய். திரும்ப அதத் தேடியா போறாய்?"

"ஒரு கோடு மச்சாள். ஒரு கோடுதான்."

பிள்ளைகளின் பெயர்ப் புத்தகம் ரியூட்டறியோடு போய்விட்டது. ஆனால் யார் எந்த ஊர் என்பது நினைவிருந்தது. பதினைந்து நாள் சுற்றினாள். மண்முனைத்துறையில் 'பாதை' என்கிற மிதவையேறி வாவிக்கு அக்கரையும் போனாள். சோதனைச்சாவடியில் என்ன அலுவல் என்று கேட்டவனிடம், ரியூட்டறிக் காசு தரவேண்டிய பிள்ளைகளைப் பார்க்கப் போகிறேன் என்றாள். கோடு திருத்தப் போகிறேன் என்றால் யார் விடுவார்?

போன இடமெல்லாம் ஒரே கதை. கதவு பாதி திறக்கும். தாய்மார் அவளை அடையாளம் கண்டதும் முகம் மாறும். "அதயா? அண்டைக்கே எரிச்சுப் போட்டம் புள்ள." ஓரிடத்தில் கிணற்றுக்குள் போட்டிருந்தார்கள். அக்கரையில் கண்ணகை என்ற பெண்பிள்ளை அழுதாள். அவளுடைய தகப்பன் தாளை மட்டுமல்ல, விலங்கியல் கொப்பி முழுவதையும் வயல் வட்டையில் புதைத்துவிட்டாராம், இடம் இப்போது பிடிபடவில்லை. ஐம்பதில் நாலு தாள்தான் அவளுடைய சிவப்புப் பேனைக்குக் கிடைத்தன. மற்றப் பிள்ளைகளுக்கு வாசலில் நின்றபடி வாயால் சொன்னாள்: புழுதான் பாசியைத் தின்னும். சில பிள்ளைகள் தலையாட்டினார்கள். சிலர் அவள் எப்போது போவாள் என்று பார்த்தார்கள்.

ஏறாவூரைக் கடைசிக்கு விட்டிருந்தாள். தொண்ணூறாம் ஆண்டுக் கொலைகளுக்குப் பிறகு தமிழரும் முஸ்லிம்களும் அந்த எல்லையைத் தாண்டுமுன் யோசித்தார்கள். அதைவிட, றவூபின் பெயரைத் தான் சொன்னதாக அவர் நினைத்திருப்பாரோ என்ற பயமும் இருந்தது.

முஸ்லிம் வழக்கப்படி அவள் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் றவூப் விறாந்தையில் ஒரு தட்டச்சு மெஷினைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எண்ணெய்க் கையோடு எழும்பினார்.

"வாங்க தங்கச்சி, வாங்க. மெஷினத் திருத்தினது ஆரெண்டு கேட்டாங்களா?"

"கேட்டாங்க நானா. பழுதாகவே இல்ல எண்டன்."

"அந்தக் கறள் புடிச்ச மெஷினா? மாசத்துக்கொருக்கா உசிர் குடுத்தன் அதுக்கு" என்றார். பிறகு உள்ளே திரும்பி, "மகள், மிஸ்ஸுக்குத் தேத்தண்ணி" என்று கூப்பிட்டார்.

றஸீனா தேநீரோடு தாளையும் கொண்டுவந்தாள். எரிக்கவில்லை, தலையணை உறைக்குள் வைத்திருந்தாளாம். நாலாக மடித்து மடித்து மடிப்பு வெளுத்திருந்தது. அஞ்சலா பேனையைத் திறந்து, விரித்து, அந்த அம்பைத் தேடினாள். அம்பின் தலை கறுப்புப் பேனையால் வெட்டப்பட்டு, மற்றப் பக்கத்தில் புதிதாகப் போடப்பட்டிருந்தது.

"இத ஆரு திருத்தின?"

"நான்தான் மிஸ். பாசி எங்கயாவது புழுத் தின்னுமா? தந்த அண்டைக்கே தெரியும்."

"தெரிஞ்சா ஏன் சொல்லல்ல?"

"சொல்ல வந்தன் மிஸ். நீங்க உள்ளுக்க இருந்தீங்க."

அஞ்சலாவுக்குச் சிரிப்பு வந்தது. தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கவேண்டியதாயிற்று. சிரிப்பு நிற்காமல் கண்ணீராகிக் கொஞ்சநேரம் அப்படியே ஓடியது. றஸீனா பயந்துபோய்த் தகப்பனைப் பார்த்தாள். அவர் கழற்றிய சாமான்களை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

பரீட்சையில் துருவப் பாலைவனம் வரவில்லை. தவளையின் இதயம் வந்தது. றஸீனா சித்தியடைந்தாள். முகாமுக்கு அஞ்சலா புரட்டாதி வரை போனாள். ஒரு திங்கள் காய்ச்சலில் போகாமல் விட்டாள். யாரும் தேடிவரவில்லை. அடுத்த திங்களும் போகவில்லை. அந்த இரண்டு கிழமையும் படலைச் சத்தத்துக்கெல்லாம் எழும்பி எழும்பி ஓடினாள். மூன்றாவது கிழமையிலிருந்து எமிலி படலையைக் கயிற்றால் கட்டிவிட்டாள், சத்தம் வராதபடி.

கார்த்திகையில் றவூப் ஆளனுப்பினார். ஏறாவூர்ச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை எடுத்திருந்தார். மெஷின் இருக்கிறது, தட்ட ஆள் வேண்டும். காணாமற்போன பிள்ளைகளுக்காக மனு எழுத இரண்டு சமூகத்துத் தாய்மாரும் வருகிறார்களாம்.

"ஒரு வருசம் நிக்கமாட்டன் நானா. என்ட குணம் தெரியும்தானே" என்றாள் அஞ்சலா.

"நிக்கிற வரைக்கும் நில்லுங்க."

பதினொரு மாதம் நின்றாள்.